நவம்பர் மழையில் சான் செபாஸ்தியான்: அம்மாவுடன் நான்கு நாட்கள், எப்படித் திட்டமிடலாம்?

வெண்சங்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அலுவல் நிமித்தமாக மாட்ரிட் செல்கிறேன். அதை ஒட்டி நான்கு நாட்கள் விடுப்பு கிடைத்திருப்பதால், ஸ்பெயினின் வடகரையில் உள்ள சான் செபாஸ்தியானுக்கு அம்மாவையும் அழைத்துப் போகிறேன். அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை இரவு அங்கே சேர்ந்து, நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை மாலை கிளம்ப வேண்டும். ஸ்பெயின் என்றாலே வெயில் என்ற நினைப்பில் விடுதிக்கு முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன். அந்தக் கடற்கரை நாட்டிலேயே மழை மிகுந்த பகுதிகளுள் ஒன்று என்பதும், நவம்பரில் அங்கே மழை வலுக்கும் என்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இனிப் பணம் திரும்பாது. போயே தீர வேண்டும்.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. சமதரை என்றால் ஒரு மணி நேரம் நடப்பார், ஆனால் மூட்டுவலி இருப்பதால் படிகளும் சரிவுகளும் ஆகாது. இறைச்சியும் மீனும் தொட மாட்டார். முட்டை, பால் சேர்த்துக்கொள்வார். குடை போதுமா, மழைக்கோட்டு வேண்டுமா, நாள் முழுவதும் பெய்தால் எங்கே போவது, மீனுக்குப் பெயர்போன அந்த ஊரில் அம்மாவுக்குச் சாப்பிட என்ன கிடைக்கும் என்பவையே என் கேள்விகள். கடைசி நாளில் பில்பாவோ போய் குகன்ஹைம் அருங்காட்சியகம் பார்த்து வரலாமா என்ற யோசனையும் இருக்கிறது. நேரில் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


ஈரக்காலணி எழுதியது:

தயங்காமல் போய் வாருங்கள். ஆய்வுப் படிப்புக்காக அந்த ஊரில் இரண்டு நவம்பர் மாதங்களைக் கழித்தவன் நான். மழையால் வீணான நாட்களைவிட, மழைக்குப் பயந்து அறைக்குள்ளேயே அடைந்து கிடந்து நானே வீணாக்கிய நாட்கள்தாம் அதிகம்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 1500 மி.மீ. மழை பெய்யும் ஊர் அது. மாட்ரிடில் பெய்வதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். இந்த எண்ணைப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள், ஏனென்றால் அங்கே பெய்வது ஒரே மாதிரி மழை அல்ல. அந்த வட்டாரத்தின் பாஸ்க் மொழியில் 'சிரிமிரி' என்றொரு சொல் உண்டு. குடைத்துணியில் விழும் ஓசைகூடக் கேட்காத பூந்தூறலுக்கு அது பெயர்; தூறுகிறதா இல்லையா என்று யோசித்துக்கொண்டே கால் மணி நேரம் நடந்தால் தோள் நனைந்திருக்கும். ஊர்க்காரர்கள் அதை மழைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, நாயை அழைத்துக்கொண்டு கடற்கரையில் நடந்தபடி இருப்பார்கள். இரண்டாவது, பிஸ்கே விரிகுடாவைக் கடந்து வடமேற்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும் மேகக்கூட்டம். இருபது நிமிடம் கொட்டும், பிறகு அரை மணி நேரம் வெளுக்கும், மறுபடி கொட்டும். மூன்றாவது, பலத்த காற்றோடு நாள் முழுவதும் விடாமல் அடிக்கும் மழை. நான்கு நாட்களில் இந்த மூன்றாவது வகை ஒரு நாளாவது வரலாம் என்று எதிர்பார்த்தே போங்கள்.

இவற்றோடு ஒரு நல்ல செய்தியும் உண்டு. இலையுதிர் காலத்தில் சில நாட்கள் தெற்கிலிருந்து மலைகளைத் தாண்டி வெப்பக்காற்று இறங்கும்; நவம்பராக இருந்தாலும் அன்று சட்டையோடு உலாவலாம், தொலைவில் உள்ள மலைகள்கூடக் கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் துலங்கும். அப்படி ஒரு நாள் வாய்த்தால் போட்டு வைத்த திட்டம் எதுவானாலும் ஒதுக்கிவிட்டு வெளியே கிளம்பிவிடுங்கள். தெற்குக் காற்று ஓய்ந்து மேற்கே திரும்பியதும் மழை வந்துவிடும்.

நான் பின்பற்றிய முறை இது: இன்ன நாளுக்கு இன்ன இடம் என்று வகுக்காமல், நகரத்தைக் 'கூரை உள்ள பக்கம்', 'கூரை இல்லாத பக்கம்' என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கிழக்கே இருக்கும் பழைய நகரம் கூரை உள்ள பக்கம். அங்கே எந்த இடத்திலிருந்தும் ஐந்து நிமிட நடையில் ஒரு தேவாலயமோ, அருங்காட்சியகமோ, தூண்வரிசைத் தாழ்வாரமோ கிடைத்துவிடும். மேற்கே இகெல்தோ மலை, ஒந்தாரெத்தா கடற்கரை, 'காற்றின் சீப்பு' சிற்பங்கள் எல்லாம் வெட்டவெளி. காலையில் எழுந்து வானத்தைப் பார்த்து, அன்றைய அரைநாளை எந்தப் பக்கத்துக்குக் கொடுப்பது என்பதை மட்டும் முடிவு செய்தால் போதும். இரண்டு பக்கத்துக்கும் இடையில் நகரப் பேருந்து அடிக்கடி ஓடுகிறது.

மேற்குப் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளுத்த நேரத்தை அதற்குத்தான் செலவிட வேண்டும். எதுவார்தோ சில்லிதா செய்த மூன்று எஃகுச் சிற்பங்கள் கடலோரப் பாறைகளில் பதிக்கப்பட்டு 1977ஆம் ஆண்டிலிருந்து நிற்கின்றன. சிற்பங்களைவிட எனக்குப் பிடித்தது அவற்றுக்கு முன்னால் கட்டடக் கலைஞர் லூயிஸ் பெனியா காஞ்செகி அமைத்த கல்மேடைதான். அந்த மேடையில் துளைகள் உண்டு. அலை அடியில் புகுந்து மோதும்போது, முதலில் தரைக்குள்ளிருந்து யாரோ பெருமூச்சு விடுவதுபோல ஓர் ஓசை எழும். அடுத்த கணம் துளைகள் வழியே காற்றும் நீர்த்திவலையும் சீறிக்கொண்டு மேலே வரும். கடல் ஓரளவு கொந்தளிப்பாக இருக்கும்போதுதான் இது நன்றாக நடக்கும். கொந்தளிப்பு மிகுந்தாலோ நகராட்சி வழியை அடைத்துவிடும். பழைய நகரத்தை ஒட்டிய உர்குல் குன்றைச் சுற்றிச் செல்லும் 'புதிய நடைபாதை' என்ற கடலோரச் சாலையும் அப்படித்தான். அங்கே கட்டியிருக்கும் தடுப்பு நாடாவைத் தாண்டிப் படம் எடுக்க முயலாதீர்கள், அலை மதிலைத் தாண்டி வந்து விழுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாஸ்க் வானிலை நிறுவனமான யூஸ்கல்மெட், நாட்டின் வானிலை நிறுவனமான ஏமெட் ஆகியவற்றின் எச்சரிக்கைகள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களில் வரும். கடலுக்கென்று தனி எச்சரிக்கை உண்டு. மழைக்கு எச்சரிக்கை இல்லாத நாளிலும் அலைக்கு இருக்கக்கூடும் என்பதால் இரண்டையும் பாருங்கள்.

இகெல்தோ மலைக்கு 1912 முதல் ஓடும் இழுவை ரயில் இருப்பதால் அம்மா படியேறும் பாடு பெரும்பாலும் இல்லை. குளிர்காலத்தில் அது ஓடும் நேரம் குறையும், ஆகையால் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மேலே மேகம் இறங்கியிருந்தால் போகாதீர்கள், வெள்ளைச் சுவரைத் தவிர வேறொன்றும் தெரியாது. உர்குல் குன்றை அம்மாவுக்காக விட்டுவிடுங்கள். பாதை செங்குத்து, ஈரத்தில் வழுக்கும். வளைகுடாவின் நடுவே தெரியும் சாந்தா கிளாரா தீவுக்குப் படகு கோடையில் மட்டுமே செல்லும்.

குடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மடக்கும் சிறு குடை ஒரே காற்றில் புரண்டு கம்பி முறிந்துவிடும். தலைமூடியுள்ள மழைக்கோட்டு ஆளுக்கு ஒன்று, அத்தோடு கம்பு வைத்த பெரிய குடை ஒன்று போதும். அதைவிட முக்கியம் காலணி. பழைய நகரத்தின் கல்பாவிய தெருக்கள் நனைந்தால் எண்ணெய் தடவியதுபோல் இருக்கும், எனவே தேய்ந்த அடிப்பாகம் உள்ள செருப்போ காலணியோ அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு இணை காலணி எடுத்துக்கொண்டு, நனைந்ததற்குள் இரவில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் காலையில் போட்டுக்கொள்ளலாம். நகரில் சுயசேவை சலவையகங்கள் உண்டு. துணி துவைக்க இல்லாவிட்டாலும் உலர்த்தும் இயந்திரத்துக்காகவே அவை பயன்படும்.


சைவத்தட்டு எழுதியது:

ஈரக்காலணி ஊரைச் சொல்லிவிட்டதால் நான் உணவை மட்டும் சொல்கிறேன். நானும் என் மனைவியும் மீன், இறைச்சி உண்ணாதவர்கள். அந்த ஊரில் ஐந்து நாட்கள் பட்டினி கிடக்காமல் இருந்தோம், ஆனால் முதல் நாள் மட்டும் ஏமாந்தோம்.

ஏமாந்த விதம் இது. 'சின் கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல், என்று கேட்டு ஒரு சாலட் வரவழைத்தோம். மேலே சூரைமீன் தூவி வந்தது. திருப்பிக் கேட்டபோது, இதில் இறைச்சி ஏதும் இல்லையே என்று பரிமாறியவர் மெய்யாகவே வியந்தார். அவர்கள் வழக்கில் 'கார்னே' என்றால் ஆடுமாடுகளின் இறைச்சி. மீன் அதில் சேராது, உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையான 'ஹமோன்' பல நேரங்களில் ஒரு மசாலாப் பொருளைப் போலத்தான் கருதப்படுகிறது. அதனால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். 'சோய் வெஹெத்தரியானா, நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன், நி அத்தூன்' (நான் சைவம், இறைச்சி, மீன், ஹமோன், சூரைமீன் எதுவும் உண்பதில்லை) என்று ஒரு தாளில் ஸ்பானிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். ஆண் சொல்வதானால் இரண்டாம் சொல் 'வெஹெத்தரியானோ' என்று முடியும்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை என்று பார்த்தால், உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்ந்த தோர்த்தியா முதலிடம் பெறும். வெங்காயம் இருக்கலாம், சில கடைகளில் நடுவே ஹமோன் வைத்த வகையும் இருப்பதால் கேட்டு வாங்குங்கள். கெர்னிகா வட்டாரத்துப் பச்சைமிளகாயை எண்ணெயில் வாட்டி உப்புத் தூவித் தருவார்கள், காரமே இருக்காது. காளான் வாட்டல் அந்தப் பருவத்துக்கே உரியது, மேலே முட்டையின் மஞ்சள் கரு ஊற்றி வரும். ஆனால் மொட்டுக்காளானில் பொடியாக நறுக்கிய ஹமோன் ஒளிந்திருக்க வாய்ப்புண்டு. குரோக்கெத்தா என்னும் பொரித்த உருண்டைகளில் பெரும்பாலானவை ஹமோனோ கருவாடோ சேர்ந்தவை. பார்த்தால் வெறும் உருளைக்கிழங்கு மயோனைஸ் கலவைபோல் தெரியும் 'என்சலாதியா'விலும் மீன் இருக்கும். தொலோசா ஊரின் கறுப்பு பீன்ஸ் சாறு மிகவும் பெயர்பெற்றது. பன்றிக்கொழுப்போடு வேகவைத்திருப்பார்கள் என்பதால் அம்மாவுக்கு ஆகாது. இதியாசாபால் செம்மறிப் பாலாடைக்கட்டியை அக்ரூட் கொட்டையோடும் சீமைமாதுளைப் பாகுக்கட்டியோடும் தருவார்கள். பாலை உறையவைக்க விலங்கின் இரைப்பைச் சாறு சேர்ப்பதைப் பார்ப்பவரானால் அதையும் விட வேண்டியிருக்கும்.

பின்ச்சோ என்னும் சிறு தின்பண்டங்களை விற்கும் கடைகளின் முறை புதியவர்களைத் திகைக்க வைக்கும். மேசையில் அடுக்கியிருப்பது பெரும்பாலும் குளிர்ந்த வகை, அவற்றில் பத்தில் ஒன்பது மீன். சுவரில் கரும்பலகையில் எழுதியிருக்கும் சூடான வகைகளில்தான் நமக்கு வழி இருக்கும். அவற்றைக் கேட்டால் உடனே சமைத்துத் தருவார்கள் என்பதால் ஹமோன் வேண்டாம் என்றும் சொல்ல முடியும். ஒன்றின் விலை பெரும்பாலும் மூன்று, நான்கு யூரோவுக்குள் முடியும். பல கடைகளில் நின்றுகொண்டுதான் உண்பார்கள், ஆகவே அம்மாவுக்காக இருக்கை உள்ள கடையாகப் பார்த்து, கூட்டம் சேருமுன் நண்பகல் பன்னிரண்டரைக்கே நுழைந்துவிடுங்கள். பிற்பகல் நான்கு மணியிலிருந்து மாலை ஏழரை வரை பல அடுப்புகள் அணைந்துவிடும், இரவு உணவோ எட்டரைக்குத்தான் தொடங்கும். அந்த இடைவெளியில் பசித்தால் 31 ஆகஸ்ட் தெருவில் உள்ள லா வினியாவுக்குப் போய், உலகெங்கும் நகல் எடுக்கப்படும் அந்த மேற்புறம் கருகிய பாலாடை கேக்கை அது பிறந்த இடத்திலேயே உண்ணுங்கள். என் மனைவிக்கு மற்ற எல்லாம் மறந்துவிட்டது, அது மட்டும் நினைவில் நிற்கிறது.

இன்னொன்றை மறக்க வேண்டாம். நவம்பர் 1 சனிக்கிழமை சகல புனிதர் திருநாள், நாடு முழுவதும் விடுமுறை, மறுநாள் ஞாயிறு. இரண்டு நாட்களும் அங்காடிகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சமையலறை உள்ள விடுதியாக இருந்தால் வெள்ளிக்கிழமை இரவே பால், பழம், ரொட்டி, தயிர் வாங்கி வைத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம்.


கிழக்குமுனை எழுதியது:

ஈரக்காலணியின் முறை நல்லதுதான், ஆனால் கிழமைகளையும் பார்க்க வேண்டாமா? சான் தெல்மோ அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும், செவ்வாய்க்கிழமை நுழைவு இலவசம். அதனால் கூரை உள்ள பக்கம் என்று நம்பித் திங்களன்று போனால் கூரைக்கு வெளியேதான் நிற்க வேண்டியிருக்கும். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டால் துறைமுகத்தின் முனையில் இருக்கும் மீன்காட்சியகத்துக்குப் போங்கள். நீருக்கு நடுவே செல்லும் கண்ணாடிச் சுரங்கம் எல்லாருக்கும் பிடிக்கும். என்னை நிறுத்தி வைத்தது 1878இல் அந்தக் கரையில் பிடிபட்ட திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. கடலோடிகள் ஒரு காலத்தில் எதை எதிர்த்துச் சிறு படகில் போனார்கள் என்பது அதன் அடியில் நின்றால்தான் உறைக்கும். மழை நாளில் குடும்பங்கள் எல்லாம் அங்கேதான் வருவதால் காலையில் திறக்கும்போதே போவது நல்லது.

பில்பாவோவைப் பற்றி: நேரடிப் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நான் போய் வந்தேன், வருந்தவில்லை. வரைபடத்தில் ரயில் பாதை தெரிகிறதே என்று யூஸ்கோத்ரென் ரயிலில் மட்டும் ஏறிவிடாதீர்கள். ஊர் ஊராக நின்று இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும்.


ஈரக்காலணி எழுதியது:

கிழமை விஷயத்தில் கிழக்குமுனை சொல்வது சரி. திங்கட்கிழமையை நான் கணக்கில் எடுக்கவில்லை. பில்பாவோவில் மட்டும் மாறுபடுகிறேன். நான்கு நாட்களில் ஒன்றைப் பேருந்திலும் வரிசையிலும் செலவிடுவது, அதுவும் அன்று மாலையே ஊர் திரும்ப வேண்டியிருக்கையில், மூட்டுவலி உள்ளவருக்குத் தேவையில்லாத அலைச்சல். பத்து நாள் இருந்தால் நானும் போகச் சொல்வேன்.

அதற்குப் பதிலாக கெதாரியா என்னும் சிறு துறைமுகத்துக்குப் போங்கள், பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். உலகைக் கடல் வழியே முதன்முதலாகச் சுற்றி முடித்து 1522இல் திரும்பிய கப்பலின் தலைவர் எல்கானோ பிறந்த ஊர் அது. அங்குள்ள சான் சால்வதோர் தேவாலயத்தின் தரை சமமாக இல்லாமல் கண்ணுக்குத் தெரியும்படி சரிந்து கிடக்கும், அதன் அடியில் தெருவே ஒன்று குகைபோல் புகுந்து துறைமுகத்துக்கு இறங்கும். ஆடை வடிவமைப்பாளர் பலென்சியாகா 1895இல் பிறந்ததும் அங்கேதான், அவருக்கான அருங்காட்சியகம் 2011இல் திறக்கப்பட்டது. இந்தப் பருவத்தில் திங்களன்று அதுவும் மூடியிருக்கும். ஆகவே கெதாரியாவை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள்.


வெண்சங்கு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பில்பாவோவைக் கைவிட்டுவிட்டேன், அம்மாவுக்கும் அதில் பெரிய விருப்பம் இல்லை. இன்னும் இரண்டு ஐயங்கள். மாட்ரிடிலிருந்து ரயிலில் வருவதா, விமானத்தில் வருவதா? செவ்வாய்க்கிழமை அறையை நண்பகலில் காலி செய்துவிட்டு மாலை வரை பெட்டிகளோடு மழையில் என்ன செய்வது?


ஈரக்காலணி எழுதியது:

ரயில். ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆகும் என்றாலும் நகரின் நடுவிலேயே இறக்கிவிடும். சான் செபாஸ்தியானின் விமான நிலையம் ஒந்தாரிபியாவில் கழிமுகத்தை ஒட்டி உள்ளது, ஓடுபாதை சிறியது. காற்று பலமாக அடிக்கும் நாளில் விமானம் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்படலாம். பில்பாவோ விமான நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்து உண்டு, அது இரண்டாம் வழி. ஊரின் பாஸ்க் பெயர் டோனோஸ்டியா. பேருந்தின் நெற்றியிலும் நிலையத்தின் பலகையிலும் அந்தப் பெயர் மட்டுமே இருக்கக்கூடும், தவறான வண்டி என்று இறங்கிவிடாதீர்கள். கதவில் 'இச்சிட்டா' என்று இருந்தால் மூடியிருக்கிறது என்று பொருள், 'இர்தேரா' வெளியேறும் வழி, 'கொமுனாக்' கழிவறை, 'இகோகைலுவா' மின்தூக்கி. கடைசிச் சொல்லை அம்மாவுக்காக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'முகி' என்ற பயண அட்டை நகரப் பேருந்து, மாவட்டப் பேருந்து, யூஸ்கோத்ரென் எல்லாவற்றுக்கும் செல்லும்.

கடைசி நாளுக்கு விடையும் ரயில் நிலையத்தின் அருகிலேயே இருக்கிறது. பெட்டிகளை விடுதியிலேயே விட்டுவிட்டு, சான் தெல்மோவை இலவசமாகப் பார்த்து முடித்து, மாலையில் தபகலேராவுக்கு வந்துவிடுங்கள். 1913 முதல் புகையிலை ஆலையாக இருந்த அந்தப் பெரிய கட்டடம் 2015இல் பண்பாட்டு மையமாகத் திறக்கப்பட்டது. உள்ளே போகக் கட்டணம் இல்லை, நூலகம், கண்காட்சி, காப்பிக்கடை எல்லாம் உண்டு, மின்தூக்கியில் மேல்தளம் போனால் நகரின் கூரைகள் தெரியும். மழை நாளில் ஊரின் வரவேற்பறை அதுதான் என்பேன். எதிரே தரைக்கு அடியில் பேருந்து நிலையம், பக்கத்தில் ரயில் நிலையம்.


வெண்சங்கு எழுதியது:

திரும்பி வந்து பத்து நாட்களாகின்றன. அடுத்து நவம்பரில் போகிறவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை நாள் முழுவதும் மூன்றாம் வகை மழை. பழைய நகரத்தை விட்டு வெளியே போகவே இல்லை. சாந்தா மரியா பெருங்கோவிலுக்கும் சான் விசென்தே தேவாலயத்துக்கும் இடையே 31 ஆகஸ்ட் தெருவில் மூன்று முறை நடந்தோம். 1813இல் அந்த நாளில் ஆங்கிலேயப் போர்த்துகீசியப் படைகள் நகருக்குள் புகுந்தபோது மூண்ட தீயில் எரியாமல் மிஞ்சியது இந்தத் தெரு மட்டும்தான் என்பதால் அந்தத் தேதியையே பெயராக வைத்திருக்கிறார்கள். பிளாசா தெ லா கான்ஸ்டிட்யூசியோன் சதுக்கத்தின் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, எதிர்மாடிச் சன்னல்களுக்கு மேல் எண்கள் எழுதியிருப்பதை அம்மாதான் முதலில் கவனித்தார். முன்பு அங்கே எருதாட்டம் நடந்ததாம், சன்னல்களைப் பார்வையாளர் இருக்கைகளாக வாடகைக்கு விடுவதற்கான எண்களாம் அவை.

குடை விஷயத்தில் ஒரு பாடம். எல்லாக் கடைகளின் வாசலிலும் குடை வைக்கும் வாளி இருக்கிறது, எல்லாரும் கொண்டுவருவது கறுப்புக் குடை. அன்று மதியமே எங்கள் குடை யாரிடமோ போய், கைப்பிடி வளைந்த வேறொன்று எங்களிடம் வந்து சேர்ந்தது. மறுநாள் அம்மா தையல்பையிலிருந்து சிவப்பு நூல் எடுத்து அதன் காம்பில் கட்டிவிட்டார், அதன்பின் மாறவில்லை.

ஞாயிறு கெதாரியா. அந்தத் தேவாலயத்தின் சாய்ந்த தரையில் அம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார், ஆகவே மூட்டுவலி உள்ளவர்கள் கதவருகிலேயே உட்கார்ந்து பார்ப்பது நல்லது. திங்களன்று மீன்காட்சியகத்துக்கு என்று கிளம்பிக் கதவைத் திறந்தால் வெளியே கதகதப்பான காற்று, துடைத்து வைத்ததுபோல் நீலவானம். நீங்கள் சொன்ன தெற்குக் காற்று அதுதான் என்று புரிந்து, அப்படியே மேற்கே திரும்பிவிட்டோம். லா கொன்ச்சா கடற்கரை ஓரமாக நடந்து, மிராமார் அரண்மனைக்கு அடியில் செல்லும் சுரங்கவழியில் புகுந்து ஒந்தாரெத்தாவுக்கு வந்தால், சரிவே ஏற வேண்டியதில்லை. சிற்பங்கள் வரை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர், நடுவில் பெஞ்சுகள் நிறைய. கல்மேடையின் துளையருகே அம்மா காதை வைத்துக் குனிந்த நேரத்தில்தான் கடல் சீறியது, முகமெல்லாம் உப்புநீர். இகெல்தோ உச்சியிலிருந்து வளைகுடா முழுவதையும் பார்த்துவிட்டுக் கீழே இறங்கும்போது மேற்கே மேகம் திரண்டிருந்தது, மாலை ஆறு மணிக்கு இருட்டவும் மழை தொடங்கவும் சரியாக இருந்தது. மீன்காட்சியகம் விட்டுப்போயிற்று, வருத்தமில்லை.

செவ்வாய்க்கிழமை சான் தெல்மோவில் பழைய தொமினிக்க மடத்தின் கோவிலுக்குள் ஹோசெப் மரியா செர்த் தீட்டிய பதினொரு காட்சிகளின் முன்னால் அம்மா முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே கூரையில் மழை பெய்யும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. இலவச நாள் என்பதால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் இருந்ததையும் சொல்ல வேண்டும், அமைதி வேண்டுவோர் கட்டணம் கட்டி ஞாயிறு காலையில் போகலாம்.

உணவுக்காகச் சைவத்தட்டு சொன்ன தாளை நான்கு கடைகளில் காட்டினேன், மூன்றில் பயன்பட்டது. நான்காவதில் படித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நெத்திலி வைத்த மிளகாயைக் கொண்டுவந்தார்கள். தாளில் 'நி அஞ்சோவா' என்று ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.